ஐந்தாவது பெயருக்கு யார் பதில் சொல்வது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாக எங்காவது கேள்விப்பட்டுச் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

புளியரைக்கு மேலே மலைச்சாவடியில் இசக்கிமுத்து என்று ஒரு சாமியார் கையில் ஈட்டியோடு, சாரலில் நனைந்தபடி, தன்னந்தனியாகக் காவல் இருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன். ஒரு குற்றாலச் சீசன் முழுக்க நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு ஒரு கம்பளியும் ஒரு டப்பி மூக்குப்பொடியும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

இத்தனைக்கும் அப்போது நான் சின்னப்பையன் இல்லை. நாற்பதைத் தாண்டி, முன்மண்டையில் முடியும் போய்விட்டிருந்தது. அதற்கு முன்பு ஒரு ஜமீன் கச்சேரியில் குமாஸ்தா. ஜமீனை ஒழித்தபோது கூடவே என்னையும் ஒழித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த ஒரு மடத்தில் பதிவறை எழுத்தராகப் போய்ச் சேர்ந்தேன். மடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஊரில் ஈட்டி மடம் என்பார்கள். அதுவே போதும்.

பதிவறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இப்படி ஒரு மடம் இருந்தது என்றே தெரியாது. காவி கட்டிய சாமியார்கள்தான். ஆனால் ஆளுக்கு ஓர் ஈட்டி. மலை தாண்டி ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் போகிற யாத்திரைக் கூட்டத்தைக் கள்ளர்களிடமிருந்தும் காட்டு மிருகங்களிடமிருந்தும் காப்பதற்காக ஒரு காலத்தில் உண்டான படை அது. பிறகு ரயில் வந்தது. ரோடு வந்தது. யாத்திரைக்காரர்கள் சாமியாரைத் தேடுவதை விட்டுவிட்டு டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைத் தேட ஆரம்பித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது படை என்பது நான்கு கிழவர்கள்.

படை சுருங்கினாலும் படையின் காகிதம் சுருங்கவில்லை. யார் எந்தப் பொழுது காவல், யாருடைய ஈட்டி முனை மழுங்கியது, காவலில் தூங்கியது யார், தூங்கினதற்கு என்ன தண்டனை என்று அத்தனையும் முதலில் ஓலைச் சுருணையாகவும், பிற்பாடு காகிதக் கட்டாகவும் ஓர் அறை நிறையக் கிடந்தது. சாரல் காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் காளான் குழம்பு வாசனை அடிக்கும். அந்தக் கட்டுகளை வெயில் காட்டுவதும், பூச்சி அரிக்காமல் பார்ப்பதும், தினமும் காலையில் பேர்விளி நடத்துவதும் என் வேலை.

பேர்விளி என்றால், முற்றத்தில் சாமிகள் வரிசையாக நிற்பார்கள். நான் பெயர்களை வாசிப்பேன். அவரவர் பெயருக்கு அவரவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். நான்கு பெயருக்கு நான்கு 'இருக்கேன்' வரும். ஐந்தாவதாக 'இசக்கிமுத்து' என்பேன். வரிசையின் கடைசியில் நிற்கும் நெட்டைச் சாமி நிமிர்ந்து, "காவல்ல இருக்கான்" என்பார்.

நெட்டைச் சாமிக்கு அறுபதுக்கு மேல் வயது. பெயருக்கேற்ற உயரம், வயது ஏறாத முழங்கால். மற்ற மூவருக்கும் கால் போய்விட்டதால், மாதம் ஒருமுறை மலைச்சாவடிக்கு ஏறி விளக்குப் போட்டுவிட்டு வருவது அவர்தான். பேர்விளிக் கணக்குக்கு அடியில் 'சரி' என்று கையெழுத்துப் போடுகிற முறைக்காரரும் அவர்தான்.

"இந்த மழையில அவரு அங்கன என்ன செய்வாரு சாமி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நனைவான்" என்றார்.

அன்றைக்குத்தான் கம்பளி வாங்கினேன். நெட்டைச் சாமி அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினார். திரும்பி வந்ததும், "குடுத்தாச்சா சாமி?" என்று ஆவலாகக் கேட்டேன். "வச்சுட்டு வந்தேன்" என்றார். அடுத்த மாதம் இறங்கும்போது ஒரு பொட்டலம் மிளகைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "அங்கனருந்து" என்றார். என் வீட்டுக்காரி அந்த மிளகை இடித்து ரசம் வைத்தாள். ஊற்றும்போது, "மலையில ஒத்தையில இருக்கிற சாமியாருக்கு இம்புட்டு மிளகு ஏது?" என்று கேட்டாள். மலை என்றால் மிளகு இருக்கும் என்று விவரமாகப் பதில் சொன்னேன். அவள் அந்த அளவுக்கு விவரம் இல்லாதவள்; ஆகவே சந்தேகத்தோடு பார்த்தாள்.

விஷயம் உடைந்தது மடத்துச் சமையல்கட்டில். அங்கே சமைக்கிறவர் குட்டைச் சாமி. அவரிடம் போய், இசக்கிமுத்து சாமிக்குக் கொஞ்சம் தட்டை சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏ ரைட்டரே! இசக்கிய ஆனை அடிச்சி வருசம் முப்பதாச்சுவே! ஆனைக்கா கம்பளி எடுத்துக் குடுத்தீரு?"

அன்று முழுவதும் மடம் சிரித்தது. நெட்டைச் சாமி மட்டும் சிரிக்கவில்லை. நான் அதை அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் பதிவறைக்குள் போய்ப் பழைய விதிக்கட்டைப் பிரித்தேன். செத்தவர் பெயரை ஏன் இன்னும் கூப்பிட வேண்டும்? விதி தெளிவாக இருந்தது. மலைக் காவலுக்கு ஈட்டி எடுத்துப் போனவன், அந்த ஈட்டி திரும்பி வந்து முற்றத்துக் கல்லில் ஊன்றப்படும்வரை காவலில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஆள் வந்து ஈட்டி வராவிட்டாலும் முறை முடியாது. இசக்கிமுத்தின் ஈட்டி திரும்பவில்லை. ஆகவே அவர் காவலில் இருக்கிறார். படைக்காரர்களின் புத்தி அப்படி. ஆளைவிட ஆயுதத்தை எண்ணுவது சுலபம்.

அதே கட்டில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. முறைக்காரனும் எழுத்தனும் கண்ணால் கண்டதை எழுதியே ஆக வேண்டும், காணாததை எழுதக் கூடாது என்பது ஒன்று. காவலை விட்டு ஓடினவன் பெயரை ஓலையிலிருந்து நறுக்கி ஐந்தருவித் தண்ணீரில் விட வேண்டும், அதன்பிறகு மடத்தில் யாரும் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது மற்றது. வாசித்துவிட்டுக் கட்டைக் கட்டி வைத்தேன். இந்த விதிகளால் எனக்கு வயிற்றுப்போக்கு வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை தமிழ்ப் பக்கம் சேர்ந்த பிறகு மடங்களின் கணக்குகளைப் பார்க்க ஒரு தணிக்கை அதிகாரி வந்தார். கண்ணியமான மனிதர். அன்றைக்கு அவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேர்விளிக் கணக்கைப் புரட்டினார். ஐந்தாவது பெயரில் விரல் நின்றது.

"இவர் எங்கே?"

"காவலில், ஐயா."

"எப்போது இறங்குவார்?"

"ஈட்டி திரும்பி வந்ததும், ஐயா" என்று விதியைச் சொன்னேன்.

அவர் முந்தைய வருடத்தைப் புரட்டினார். காவலில். அதற்கு முந்தையது. காவலில்.

"செத்திருந்தால் செத்தார் என்று எழுதுங்கள். ஓடியிருந்தால் ஓடினார் என்று எழுதுங்கள். ஒரு மனிதன் முப்பது வருஷம் இறங்காமல் காவல் இருக்க முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மாதாமாதம் அடியில் 'சரி' போட்டிருப்பது யார்?"

"முறைக்காரர் நெட்டைச் சாமி, ஐயா."

"பொய்யாக முறை எழுதினவரை உங்கள் மடத்து விதி என்ன செய்யச் சொல்கிறது?"

எனக்குத் தெரியும். ஈட்டியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே அனுப்பச் சொல்கிறது. மீசை முளைக்கும் முன்பே மடத்துக்கு வந்தவர் நெட்டைச் சாமி. அவருக்கு வாசலுக்கு வெளியே யாரும் கிடையாது. மெதுவாகச் சொன்னேன். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை காலை பேர்விளிக்கு நானே வந்து நிற்கிறேன். அதற்குள் அந்தப் பெயருக்கு ஒரு வழி செய்யுங்கள். இல்லையென்றால் விதிப்படி நடக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெருக்கடியில் நிதானமாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நான் எப்படி இருந்தேன் என்று சொல்கிறேன். வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். என் வீட்டுக்காரி, "பேசாம கட்டிலை அங்கனயே தூக்கிப் போட்டுருதேன், நடை மிச்சம்" என்றாள். மறுநாள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பேரருவியில் போய் நின்றேன். அருவி விழுந்தால் மண்டை தெளியும் என்பார்கள். எனக்குத் தெளிந்தது ஒன்றுதான்: யானை.

ஊரே யானை என்கிறது. சமையல்கட்டு யானை என்கிறது. செத்தார் என்று எழுதிவிட்டால் யாருக்கும் குற்றமில்லை. யானையை யாரும் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. ஈர வேட்டியோடு மடத்துக்கு ஓடி, 'மலைக்காவலின்போது யானை தாக்கி இறந்தார்' என்று அழகாக எழுதி, நெட்டைச் சாமியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து புளிச்சக்கையால் ஈட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்துக் காட்டினேன். தேய்ப்பது நின்றது.

"கிழிச்சுப் போட்டுரும்" என்றார்.

"ஏன் சாமி? ஊரே சொல்லுதுல்லா?"

"ஆனை என்ன பாவம்வே செஞ்சுது? அதும் தலையில எதுக்குப் பழியப் போடுதீரு?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஈட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஈட்டி வாங்குனவங்க. அன்னைக்கு அவன் முறை. மலைக்கு ஏறுததுக்கு முன்ன எங்கிட்ட வந்து நிக்கான். மொகம் சரியில்ல. 'அண்ணாச்சி, நாளைக்குக் காலையில எம் பேரக் கூப்பிடுதப்ப, ஒரு நாளைக்கு மட்டும் காவல்ல இருக்கான்னு சொல்லிருங்க'ங்கான். எதுக்குலேன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லிருவான். சொன்னா கண்டிக்கணும்லா. சரிலே, போன்னுட்டேன்."

"மறுநாள்?"

"சொன்னேன்."

"அதுக்கு மறுநாள்?"

"அதுக்கு மறுநாள் வாயத் தெறந்தா அதுதான் வருது."

அப்படியானால் இசக்கிமுத்து உயிரோடு இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சாவடியில நான் எதாவது வச்சுட்டு வருவேன். அடுத்த மாசம் போனா அது இருக்காது. வேற ஒண்ணு இருக்கும். மொதல்ல வாழப்பழம். அப்புறம் மிளகு. ஒரு தடவ ஒரு சுருக்குப் பை கெடந்துச்சு. பச்சப்பிள்ளை சட்டை தச்ச மிச்சத் துணி. அன்னைக்குத்தான் அவனுக்குப் பிள்ளை பொறந்திருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன்."

"அந்தப் பக்கம் இறங்கிப் போய் ஒருநாளும் பாக்கலியா?"

"பாத்தா எழுதணும்லாவே?" என்றார், எனக்கு விதி தெரியாதது போல. "ஆரியங்காவு ஸ்டேசனுக்கு வெளிய டீக்கடை போட்டிருக்கான்னு தேங்காய் ஏத்துத வடகரை வண்டிக்காரன் சொன்னான். அது காதால கேட்டது. கேட்டத எழுதணும்னு விதி இல்ல."

தம்பிகளே, பதிவறையில் என் வாழ்நாளில் நான் கண்ட மிக ஒழுங்கான பொய் அதுதான். அதைப் பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நண்பன் காவலை விட்டதைக் கண்ணால் காணக் கூடாது என்பதற்காகவே, சாவடிக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆளை அவர் இத்தனை காலம் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"நான் வெளிய போறேன். அவன் பேரத் தண்ணியில விடச் சொல்ல மாட்டேன்" என்றார். ஈட்டியை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ரயிலில் நான் ஆரியங்காவு போனேன். எனக்கு ரயில் குகை என்றால் பயம். பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து ஆளின் தொடையைப் பிடித்துவிட்டேன். வெளிச்சம் வந்த பிறகு அவர் இடம் மாறி உட்கார்ந்தார். கண்ணை மூடியிருந்தபோதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. நானும் எழுத்தன். அந்த விதி எனக்கும் உண்டு. இசக்கிமுத்தை டீக்கடையில் பார்த்துவிட்டால், காவலை விட்டவனைக் கண்டேன் என்று நான் எழுத வேண்டும்.

ஆகவே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டீக்கடையின் பந்தலைக் கண்டேன், உடனே திரும்பினேன், பின்பக்கமாகவே நடந்து போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே கொடியில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. என் கம்பளி. நான் பேரம் பேசி வாங்கிய அதே பச்சைக் கரை.

"எந்தா, டீ வேணுமா? இந்தப் பக்கம் திரும்பினாத்தானே தர முடியும்?" என்றது மலையாளம் கலந்த ஒரு பெண் குரல்.

"வேண்டாம்மா, பின்னாலருந்தே கொடுங்க. எனக்குக் கழுத்து பிடிச்சிருக்கு."

தோளுக்கு மேலே ஒரு கிளாஸ் வந்தது. வாங்கிக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்துப் பேசினேன். தண்டவாளத்துக்கு எப்படி இருந்ததோ தெரியாது.

"நான் ஈட்டி மடத்து எழுத்தன். நான் யாரையும் தேடி வரல. யாரையும் பாக்கவும் இல்ல. சும்மா எம் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை காலையில பேர்விளிக்கு அதிகாரி வாராரு. ஐந்தாவது பேருக்கு இத்தனை வருசமா ஒருத்தர் பதில் சொல்லிக்கிட்டிருக்காரு. அன்னைக்கும் அவரே சொன்னாருன்னா ஈட்டியப் பிடுங்கி அவர வெளிய அனுப்பிருவாங்க."

டீ ஆற்றுகிற சத்தம் நின்றுபோனது.

"யாரு?" என்று ஓர் ஆண் குரல் கேட்டது. கரகரப்பான, வயதான குரல். "நெட்டை அண்ணாச்சியா? இன்னும் சொல்லிட்டா இருக்காவ?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் ஒரு நாளைக்குத்தானே கேட்டேன்" என்றது குரல்.

"எம் பேர ஐந்தருவியில விட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். அண்ணாச்சி எரக்கப்பட்டுச் சாவடியில எதையாவது வச்சுட்டுப் போறாகன்னு நினைச்சேன்" என்று அந்தக் குரலே தொடர்ந்தது.

"விதிப்படி ஈட்டி வந்து முற்றத்துக் கல்லில ஊன்றினா முறை முடிஞ்சிரும். ஈட்டி இருந்தா" என்றேன். "இல்லாட்டா நான் டீக்குக் காசு வச்சுட்டுக் கிளம்புதேன்."

கடைக்குள் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள், "ஐயோ மனுஷா, அதை எடுக்காதே, பந்தல்!" என்று அலறினாள். அடுத்த நிமிஷம் ஓலையும் சாக்கும் இரண்டு வாழைத்தாருமாக அந்தப் பந்தல் மொத்தமும் என் மேல் விழுந்தது. அத்தனை வருடமும் நடுக்காலாக நின்று அதைத் தாங்கியது எது என்று உங்களுக்கே தெரியும். உள்ளே கிடந்தபடி எனக்கு ஒரு சந்தோஷம். வெளியே எதையும் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை. அதிகாரி சொன்னபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாமிகள் என்னைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசல். ஸ்டேஷனிலிருந்து வர வேண்டிய வண்டியின் சத்தம் இன்னும் கேட்கவில்லை. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டினேன். மறுபடி கழற்றித் துடைத்தேன். முதல் பெயரைப் பாடுவது போல இழுத்து வாசித்தேன். இரண்டாவது பெயருக்கு முன் இருமினேன்.

"உங்களுக்கும் ஜலதோஷமா?" என்றார் அதிகாரி.

"சாரல் காத்து, ஐயா."

மூன்று. நான்கு. நான்காவது நெட்டைச் சாமியின் பெயர். "இருக்கேன்" என்றார். காவித்துணியைத் துவைத்துக் கட்டியிருந்தார். கையில் பளபளவென்று ஈட்டி. அதைக் கொடுப்பதற்கு அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார்.

வாயைத் திறந்தேன். வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. குடையோடு ஓர் அம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வயிறு பெருத்த, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், கைலிக்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நீளமான ஓர் ஈட்டியைக் குறுக்கே பிடித்தபடி வாசலில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அதிகாரி பார்த்தார். நான் பார்த்தேன். வரிசையில் நின்ற சாமிகளுக்கு முதுகுப்பக்கம்.

"இசக்கிமுத்து" என்றேன்.

அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

அதற்குள் நெட்டைச் சாமி பழக்கம்போல நிமிர்ந்து, "காவல்ல இருக்கான்" என்றார்.

"இல்ல அண்ணாச்சி" என்றது பின்னாலிருந்து குரல். "வந்துட்டேன்."

நெட்டைச் சாமி திரும்பவில்லை. குட்டைச் சாமி திரும்பிப் பார்த்து, "ஆனை!" என்று கத்தினார். மற்ற இருவரும் திரும்பினார்கள். நெட்டைச் சாமி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் திரும்பவில்லை என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இசக்கிமுத்து தட்டுத்தடுமாறி நடந்து வந்து, முற்றத்துக் கல்லின் குழியில் ஈட்டியை ஊன்றினார். கல்லில் இரும்பு இடித்த சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் நெட்டைச் சாமி திரும்பினார்.

"என்னலே, இம்புட்டு ஊதிட்ட!" என்றார்.

அதற்கு மேல் அவர்கள் இருவரும் செய்ததை நான் எழுதப் போவதில்லை. கண்ணால் கண்டேன், ஆனால் அப்போது என் கண்ணாடியில் தண்ணீர்.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "இவர் எங்கே காவல் இருந்தார்?"

"ஆரியங்காவுல, ஐயா" என்றார் இசக்கிமுத்து. உண்மை. மடத்துக் காவல் எல்லை அதுவரைக்கும் உண்டு.

"அங்கே என்ன காவல்?"

"மூணு பெண்பிள்ளைகள், ஐயா" என்றாள் அந்த அம்மாள் முந்திக்கொண்டு. "இரண்டுக்குக் கல்யாணம் ஆச்சு. ஒண்ணு பாக்கி."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் இவரை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை, ஐயா. இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்."

அவர் என்னை அதிக நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. "எழுதுங்கள்" என்றார்.

'ஈட்டி வந்தது. கல்லில் ஊன்றியது கண்டேன். முறை முடிந்தது' என்று எழுதினேன். நெட்டைச் சாமி அடியில் 'சரி' போட்டார். அதிகாரி அதை வாசித்துவிட்டு, "ஆயுத எண்ணிக்கையைக் கொண்டுவாருங்கள்" என்றார். ஈட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஐந்து என்பது சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மூக்கைத் துடைத்தபடி புறப்பட்டுப் போனார்.

நான் செய்தது சரியா என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுதாமல் விட்டதில் ஒரு டீக்கடையே இருக்கிறது. உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு பெயர் ஒருநாள் வரும். அடித்துவிடு, அல்லது ஒரு யானையைக் கொண்டு வா என்று உங்கள் பயம் சொல்லும். என் பயம் அப்படித்தான் சொன்னது, நானும் எழுதிவிட்டேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டது என் புத்தி இல்லை, நெட்டைச் சாமியின் பிடிவாதம். உங்களுக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போகலாம். ஆகவே, ஒரு பெயரை அடிப்பதற்கு முன்னால், தினமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரிடம் போய்க் கொஞ்சம் உட்காருங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பேர்விளியில் நான்கு பெயர்களை வாசித்துவிட்டுக் கணக்கை மூடினேன். நெட்டைச் சாமி நிமிர்ந்து, வாயைப் பாதி திறந்தபடி நின்றார்.

"கூப்பிடலியா?"

"முறை முடிஞ்சிட்டு, சாமி."

"ஆமா, ஆமா" என்றார். போய் உட்கார்ந்தார். அன்று ஈட்டி தேய்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். கூப்பிடாத பெயருக்காகக் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வரிசையை விட்டு நகர்வார். அவரிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மாதம் சாவடிக்கு ஏறுகிற நாள் வந்தது. அவர் மலையேறி, விளக்குப் போட்டு, ஈட்டியைச் சாவடியிலேயே சாத்தி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கி ஆரியங்காவுக்குப் போய், புதுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.